மூக்குத் தண்டில் ஒரு ஓட்டை

அம்பத்தூர் எஸ்டேட் 1960களில் வந்தது. அதன் வரலாற்றைச் சொல்கிறவர்கள் காமராசர் ஆட்சி, ஆர். வெங்கட்ராமன், ஏக்கர் கணக்கு என்று முடித்துவிடுவார்கள். பிளேட்டிங் தொட்டியருகே நின்றவன் அதில் வரமாட்டான். பட்டறைக்குள்ளும் ஊர், சேரி உண்டு. நான் பார்த்தவரை லேத்தில் நின்றது ஒரு சாதி, ஆசிட்டில் முக்கி எடுத்தது நம்மாள்.

குரோம் தொட்டியில் பாய்ச்சும் மின்சாரத்தில் பெரும்பங்கு முலாமாவதில்லை, வாயுக் குமிழியாகிப் போகிறது. குமிழி உடைகிறபோது குரோமிக் அமிலம் பனிபோலத் தெறிக்கும். அது மூக்கின் நடுத்தண்டில் படிந்து அரித்து, கடைசியில் ஓட்டை போட்டுவிடும். பல பேருக்கு வலியே இருக்காது. அதுதான் கொடுமை.

என் தாய்மாமன் அப்படியொரு கம்பெனியில் இருபது வருஷம் இருந்தார். "மூச்சு வுட்டா விசிலடிக்குதுடா" என்று சிரிப்பார். விரல் கணுவில் ஆறாத குழிப்புண். டாக்டர் சளி மாத்திரை கொடுத்தார். "இன்னா வேல செய்றேன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல" என்பார் மாமா.

கேட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1931லேயே குரோம் முலாமுக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் குரோமியப் புண்ணை அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. பார்த்த டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டியிருந்தது. எழுதினால் அது தொழில்நோய், எழுதாவிட்டால் வெறும் சளி. 2025 வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டமும் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப்பேர் இருந்தால்தான் பொதுவாகச் செல்லுபடியானது. ரெஜிஸ்டரில் ஒன்பது பெயர் எழுதுவது முதலாளிக்குக் கஷ்டமாகவா இருந்தது?

ஆறு இணைதிற குரோமியம் நுரையீரல் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்த நோய் தலைகாட்டப் பல வருஷம் ஆகும். அதற்குள் வேலையும் போயிருக்கும், ஈ.எஸ்.ஐ. கார்டும் போயிருக்கும்.

பூந்தமல்லி வழியாக மேற்கே போனால் ராணிப்பேட்டை. அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மண்ணுக்காவது டன் கணக்கு இருக்கிறது. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்ட பின் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு, 2006இல் உயர்நீதிமன்றம் போய், 2016இல் 591 பேருக்கு யூனிலீவரை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு ஒரே ஆலை, ஒரே முதலாளி. எஸ்டேட்டில் ஆள் வருஷத்துக்கொரு ஷெட் மாறுவான், பாதி ஷெட்டுக்குப் போர்டே கிடையாது.

அதனால் வயசான பிளேட்டிங்காரர் யாரைப் பார்த்தாலும் இப்போது மூன்று கேள்வி கேட்டு நோட்டில் எழுதுகிறேன்: எந்தத் தொட்டி, எத்தனை வருஷம், மூக்கில் ரத்தம் வந்ததா.