போன் கேட்கும், கம்ப்யூட்டர் கேட்காது... தெரியாத ஃபைலைத் திறக்க ஒரு 'தனி அறை': விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்றால் என்ன?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஆபீஸ் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கம்பெனிகள் அனுப்பிய டிராயிங், டேலி கணக்கு, ஜிஎஸ்டி பில், வேலை செய்பவர்களின் ஆதார் நகல் என எல்லாமே அதில்தான். முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து 'பர்ச்சேஸ் ஆர்டர்' என்று மெயில் வருகிறது. "டிராயிங்கைப் பார்க்க இந்த சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று கூடவே ஒரு ஃபைல். ஆர்டர் ஆச்சே, திறக்காமல் இருக்க முடியுமா?

செல்போனில் ஒரு ஆப் உங்கள் போட்டோக்களைத் தொட வேண்டுமென்றால் அனுமதி கேட்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் வழக்கமாக நாம் இன்ஸ்டால் செய்யும் புரோகிராம்கள் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. உங்களால் எந்த ஃபைலையெல்லாம் திறக்க, மாற்ற, அழிக்க முடியுமோ, அதையெல்லாம் அந்த புரோகிராமாலும் செய்ய முடியும். ஃபைல்களைப் பூட்டிவிட்டு பணம் கேட்கும் 'ரான்சம்வேர்' இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. சின்ன ஆபீஸ்களுக்கு மட்டும் வரும் தொல்லை இல்லை இது. 2021 செப்டம்பரில், சென்னை தலைமைச் செயலகத்தில் முக்கியப் பிரமுகர்கள் வருகையைக் கவனிக்கும் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்களே ரான்சம்வேரில் சிக்கின.

தனி அறையில் திறந்து பாருங்கள்

சாண்ட்பாக்ஸ் என்பது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தனி அறை. உள்ளே ஓடும் புரோகிராமுக்கு வெளியில் இருக்கும் உங்கள் ஃபைல்கள் தெரியாது. 2019-ல் விண்டோஸ் 10-க்கு வந்த இந்த வசதி, ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் இருக்கிறது. ஹோம் பதிப்பில் கிடையாது. குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும். 8 இருந்தால்தான் நிம்மதி.

ஸ்டார்ட் மெனுவில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்று தேடி, அதில் 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' பெட்டியை டிக் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்தப் பெட்டி மங்கலாக இருந்தால் பயாஸில் 'விர்ச்சுவலைசேஷன்' ஆஃபில் இருக்கலாம். சர்வீஸ் செய்பவரிடம் சொன்னால் ஆன் செய்து தருவார்.

பிறகு, சந்தேகமான ஃபைலை டபுள் கிளிக் செய்யாமல் காப்பி செய்து, சாண்ட்பாக்ஸ் விண்டோவுக்குள் பேஸ்ட் செய்து அங்கே திறங்கள். விண்டோவை மூடியதும் உள்ளே இருந்த எல்லாமே அழிந்துவிடும். நீங்கள் அங்கே டைப் செய்ததும் சேர்த்துத்தான்! அதனால் தினசரி கணக்கு வேலைக்கு இது சரிப்படாது.

இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்

ஒரு ஃபோல்டரை மட்டும் சாண்ட்பாக்ஸுக்குக் காட்டவும் வழி உண்டு. ஆனால் 'ரீட் ஒன்லி' என்று நாம் குறிப்பிடாவிட்டால், உள்ளே இருக்கும் புரோகிராம் அந்த ஃபோல்டரில் எழுதலாம், அழிக்கலாம். வேலை சுலபம் என்று மொத்த டி டிரைவையும் இப்படிக் காட்டிவிட்டால், சாண்ட்பாக்ஸ் போட்டும் பயனில்லை. இன்டர்நெட்டும் தானாகவே ஆனில் இருக்கும். அதனால் உள்ளே போய் பேங்க் பாஸ்வேர்டு போடாதீங்க.

ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன்' பகுதிக்குப் போய் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பதை ஆன் செய்யலாம். நம்பகமில்லாத புரோகிராம்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை மாற்ற முடியாது. டிராயிங்குகள் வேறு டிரைவில் இருந்தால் அந்த ஃபோல்டரை நீங்களே பட்டியலில் சேர்க்க வேண்டும். படிப்பதை இது தடுக்காது. ஃபைலைத் திருடுவது வேறு கதை. சில சமயம் நல்ல சாஃப்ட்வேரையும் மறித்துவிடும். அப்போது எரிச்சலில் மொத்தமாக ஆஃப் செய்யாமல், அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

மேக்கில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களைத் தொட ஆப்கள் அனுமதி கேட்பது 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து நடைமுறை. லினக்ஸில் 'ஃபிளாட்பேக்' ஆப்கள் தனி அறையில்தான் ஓடும் என்றாலும், சில ஆப்கள் உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளும். 'ஃபிளாட்சீல்' என்ற ஆப்பில் அதைப் பார்த்துக் குறைக்கலாம்.

எது செய்தாலும், டிராயிங்கையும் கணக்கையும் ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் வாரம் ஒருமுறையாவது காப்பி எடுங்கள். எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.