பார்க்காத கதைக்கு மார்க்

2012-ல் வேளச்சேரியில் ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். எனக்கு முதல் வேலை. இரவு 11 மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து, பரோட்டா பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு லேப்டாப்பில் 'டாக்டர் ஹூ' பார்ப்போம். யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொருவருக்குப் போய், அங்கிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்த பழைய பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர். நீல நிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்திலும் வெளியிலும் சுற்றும் கிறுக்குத்தனமான ஓர் ஆசாமியின் கதை.

பார்ப்பதைவிட அதைப் பற்றிச் சண்டை போடுவதுதான் எங்களுக்கு முக்கியம். நான் ஒரு எக்ஸெல் ஷீட் வைத்திருந்தேன். ஒவ்வொரு கதைக்கும் 10-க்கு இத்தனை என்று மார்க். அறையில் மூத்தவரான மதுரை அண்ணன் ஒருநாள் அதை எட்டிப் பார்த்தார்.

"'எனிமி ஆஃப் தி வேர்ல்ட்'டுக்கு ஏன்டா வெறும் 4?"

"செம மொக்கைண்ணே. ஒரே இழுவை."

"நீ பாத்தியா?"

"பாக்க முடியாதுண்ணே. 6 எபிசோட்ல 5 எபிசோட் இல்லவே இல்ல. பிபிசி அழிச்சிட்டான்."

"அப்புறம் எப்படிடா மொக்கைன்னு தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்ணே."

அண்ணன் பரோட்டாவைப் பிய்த்தபடி சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் ஆதாரம் இருந்ததாகவே நான் நினைத்திருந்தேன்.

அந்த ஆதாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். முதல் 6 ஆண்டுகளில், கறுப்பு வெள்ளையில், 253 எபிசோடுகள் வந்தன. அவை 2 அங்குல அகல வீடியோ டேப்பில் பதிவாகின. டேப் விலை அதிகம், அழித்து மறுபடி பயன்படுத்தலாம். நடிகர் சங்க ஒப்பந்தங்கள் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தின. வீட்டில் போட்டுப் பார்க்க வீடியோ என்று ஒன்றும் கிடையாது. கலர் வந்த பிறகு கறுப்பு வெள்ளைத் தொடரை யார் வாங்குவார்கள்? டேப்புகளை அழித்தார்கள். வெளிநாட்டு விற்பனைக்காக 16 எம்எம் ஃபிலிமில் எடுத்து வைத்திருந்த பிரதிகளில் பலவற்றையும் 1970-களில் தூக்கிப் போட்டார்கள்.

இதைச் செய்தவர்கள் வில்லன்கள் இல்லை. நானும் ஆபீஸில் ஒருமுறை, 2 வருடமாக யாரும் திறக்காத ஒரு ஃபோல்டரை இடத்துக்காக அழித்தவன்தான். அடுத்த மாதமே அதைத் தேடி ஆள் வந்தது. இதை இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்பதும் ஒரு விமர்சனக் கருத்துதான். பிபிசி அந்தக் கருத்தை டேப்பின் மேலேயே எழுதிவிட்டது.

ஆனால் வேறு கருத்து உள்ளவர்களும் அதே நேரத்தில் இருந்தார்கள். பிரிட்டனில் சில பள்ளிப் பையன்கள் டிவி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, வீட்டில் யாரையும் பேசவிடாமல், ஒவ்வொரு வாரமும் ஒலியை மட்டும் டேப் ரெக்கார்டரில் பிடித்தார்கள். இவர்களைப் போன்றவர்களால்தான் தொலைந்த அத்தனை எபிசோடுகளின் ஒலியும் இன்று முழுமையாக இருக்கிறது. ஜான் க்யூரா என்பவர் டிவி திரையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் போட்டோ எடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்பதையே தொழிலாக வைத்திருந்தார். பின்னாளில் ரசிகர்கள் அந்தப் போட்டோக்களையும் ஒலியையும் ஒட்டவைத்து, அசையாத படங்கள் பேசும் ஒரு பொம்மலாட்டத்தை உருவாக்கினார்கள். கதைகள் நாவல் வடிவத்திலும் வந்தன. டெரன்ஸ் டிக்ஸ் எழுதிய மெல்லிய டார்கெட் பதிப்பகப் புத்தகங்களைப் படித்தே ஒரு தலைமுறை பிரிட்டிஷ் குழந்தைகள் அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டார்கள்.

1976-ல் ரசிகர் சங்கம் வந்தது. 1979-ல் தனிப் பத்திரிகை வந்தது. எது கிளாசிக், எது குப்பை என்ற பட்டியல் இவற்றின் வழியாகத்தான் உறுதிப்பட்டது. சின்ன வயதில் ஒருமுறை பார்த்தவரின் ஞாபகம், அதைக் கேட்டவரின் கட்டுரை, கட்டுரையைப் படித்தவரின் தீர்ப்பு. கடைசியில் வேளச்சேரியில் என் ஷீட்டில் ஒரு 4.

ஒருமுறை பார்த்ததே போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 1976-ல் வந்த 'தி டெட்லி அசாசின்' கதையை, சங்கத்தின் தலைவரே கிழித்து எழுதினார். காலப் பிரபுக்களைப் பற்றி முன்பு சொன்னதையெல்லாம் கெடுத்துவிட்டார்கள் என்று புகார். இன்று ரசிகர்களின் பெரும்பாலான பட்டியல்களில் அது உயரத்தில் இருக்கிறது. பார்த்த கதைக்கே இந்த நிலைமை என்றால், பார்க்காத கதைக்கு?

அதற்கான பதில் இரண்டு தடவை, இரண்டு எதிர்த் திசைகளில் வந்தது.

முதல் தடவை ஹாங்காங்கிலிருந்து. 1967-ல் ஒளிபரப்பான 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' என்ற 4 எபிசோட் கதை முழுக்கத் தொலைந்திருந்தது. பனிக்கட்டிக் கல்லறைகளிலிருந்து இயந்திர மனிதர்கள் கிழித்துக்கொண்டு வெளியே வரும் காட்சியைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, அது கோயில் கட்டிக் கும்பிடாத குறை. 1991 கடைசியில் ஹாங்காங் டிவி நிலையம் ஒன்றில் 4 ஃபிலிம்களும் கிடைத்தன. 1992-ல் வீடியோவாக வந்து விற்றுத் தள்ளியது. ஆனால் ஆட்கள் போட்டுப் பார்த்தபோது வேறு விஷயங்களும் கண்ணில் பட்டன. ஆளைத் தூக்கும் கம்பி தெரிந்தது. மூடியிருக்கும் கல்லறையை வேலை மெனக்கெட்டுத் திறக்க உதவுவதே டாக்டர்தான் என்பது உறுத்தியது. அதிகம் பேசாத, பலசாலியான கறுப்பின வேலைக்காரர் பாத்திரம் சங்கடப்படுத்தியது. 25 வருட ஞாபகத்தில் இவற்றில் எதுவும் தங்கவில்லை. அதற்காகக் கதை செத்துவிடவில்லை. பின்னாளில் டாக்டராக நடித்த மாட் ஸ்மித் தனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்றாக இதைச் சொன்னார். ஆனால் கும்பிடு போய், சாதாரணமாக உட்கார்ந்து பார்க்கிற ஒரு படமாக ஆனது. எனக்கென்னவோ அது நல்லதாகத்தான் படுகிறது.

இரண்டாவது தடவை நைஜீரியாவிலிருந்து. பழைய ஃபிலிம்களைத் தேடி ஆப்பிரிக்கா முழுக்க அலைந்த பிலிப் மாரிஸ், ஜோஸ் நகரத்தில் ஒரு டிவி நிலையக் கிடங்கில் ஃபிலிம் டப்பாக்களைக் கண்டுபிடித்தார். 2013 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. தொலைந்திருந்த 106 எபிசோடுகளில் 9 திரும்பி வந்து, கணக்கு 97 ஆனது. 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதை ஒரு எபிசோட் தவிர முழுதாகக் கிடைத்தது. இன்னொன்று, என் 4 மார்க் கதை.

தீபாவளி லீவில் ஊரில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் எபிசோடில் கடற்கரை. டாக்டராக நடித்த பேட்ரிக் ட்ரௌட்டன் உள்ளாடையோடு குஷியாகக் கடலில் இறங்குகிறார். உடனே ஹோவர்கிராஃப்ட், ஹெலிகாப்டர் என்று துரத்தல். அதே ட்ரௌட்டன்தான் வில்லன் சாலமாண்டராகவும் வருகிறார். நடையிலும் பார்வையிலும் வேறொரு ஆள். நம்ம ஊர் இரட்டை வேடங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கே அசந்துபோனது.

அப்புறம் ஏன் இதை இழுவை என்றார்கள்? இத்தனை வருடமும் மிஞ்சியிருந்தது 3-வது எபிசோட் மட்டும். 6-ல் அதுதான் சோனி. சமையலறையில் ஒரு புலம்பும் சமையல்காரர், நடைபாதையில் உட்காரவைக்கப்பட்ட ஒரு கைதி. அடைக்க அறை செட் போடப் பணம் இல்லையோ என்று தோன்றும். என்ஜினியரிங் முதல் வருடப் புள்ளியியல் வகுப்பிலேயே இந்தத் தப்பைச் செய்தால் முட்டை போட்டிருப்பார்கள். ஒரே ஒரு மாதிரியை எடுத்து, அதுவும் தற்செயலாக மிஞ்சியதை எடுத்து, முழுக் கதைக்கும் தீர்ப்பு. 2009-க்கும் 2014-க்கும் இடையில் பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் இந்தக் கதை கிடுகிடுவென்று மேலே ஏறியது.

4-வது எபிசோடில் ஒரு திருப்பம். சாலமாண்டர் ஒரு கூட்டத்தைப் பூமிக்கு அடியில் வைத்திருக்கிறான். மேலே அணு ஆயுதப் போர் நடக்கிறது, வெளியே போனால் சாவுதான் என்று அவன் சொன்னதை அவர்கள் நம்புகிறார்கள். அவன் ஒருவன்தான் மேலே போய்ச் சாப்பாடு கொண்டுவருகிறான். ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்த செய்தித்தாள் துண்டு ஒன்று அவர்களில் ஒருவரின் கையில் கிடைக்கிறது. போர் நடக்கும் உலகத்தில் வரக்கூடிய செய்தி இல்லை அது.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு அண்ணனுக்கு போன் போட்டேன். அவர் அதற்குள் கோயம்புத்தூருக்கு மாறியிருந்தார்.

"அண்ணே, 'எனிமி' பாத்துட்டு இருக்கேன். எட்டரை கொடுக்கலாம்."

"பாக்காம 4, பாத்தா எட்டரையா?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "மிச்சத்துக்கும் அப்படித்தானடா போட்டு வச்சிருக்க?" என்றார்.

ஷீட்டைத் திறந்தேன். 'பார்த்தது' என்று புதிதாக ஒரு காலம் சேர்த்து, நேர்மையாக நிரப்பினேன். 'இல்லை' என்று வந்த வரிசைகளில் மார்க்கை அழித்துக்கொண்டே போனேன். 3, 5, 4 எல்லாம் சுலபமாகப் போயின. ஒருவிதத்தில் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

'மார்க்கோ போலோ'வில் வந்து கை நின்றது. 1964-ல் வந்தது. 7 எபிசோடுகளில் ஒன்றுகூட இல்லை. போட்டோக்களைப் பார்த்து, ஒலியை மட்டும் கேட்டு, பாலைவனத்தையும் குப்லாய் கானின் அரண்மனையையும் நானே மனதில் கட்டி வைத்திருந்தேன். மார்க் 9.

கொஞ்ச நேரம் கழித்து அதையும் அழித்தேன்.