விமானந்தாங்கிக் கப்பலை வைத்து வெல்வது எப்படி? 'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' விளையாடுவோருக்கு ஒரு வழிகாட்டி

'வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ்' கடற்போர் விளையாட்டில் அணிக்கு 12 பேர். ஆட்டம் அதிகபட்சம் 20 நிமிடம். பீரங்கி வைத்திருப்பவர்கள் எதிரியை நெருங்கிப் போய்ச் சுட வேண்டும். நீங்கள் மட்டும் ஒரு தீவின் பின்னால் கப்பலை நிறுத்திவிட்டு, விமானங்களை அனுப்பி வரைபடத்தின் எந்த மூலையையும் தொடலாம்.

கேட்க சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அணியில் பெரும்பாலும் ஒரே ஒரு விமானந்தாங்கிதான் இருக்கும். அதை ஓட்டுபவர் சொதப்பினால் மற்ற 11 பேரும் அதன் பலனை அனுபவிப்பார்கள். அதனால்தான் ஆட்டத்தின் அரட்டைப் பெட்டியில் அதிகம் திட்டு வாங்குவதும் இவர்களே.

திட்டு வாங்காமல் விளையாட என்ன செய்யலாம்?

முதலில், இது எப்படி இயங்குகிறது?

இந்த விளையாட்டு 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியானது. ஆரம்பத்தில் விமானந்தாங்கி ஓட்டுபவர்கள் மேலிருந்து வரைபடத்தைப் பார்த்தபடி, பல ஸ்குவாட்ரன்களை ஒரே நேரத்தில் நகர்த்துவார்கள். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த முறை அடியோடு மாறியது. இப்போது ஒரு நேரத்தில் ஒரு ஸ்குவாட்ரனை மட்டும் நீங்களே நேரடியாக ஓட்டுகிறீர்கள்.

ஸ்குவாட்ரன்களில் முக்கியமானவை மூன்று வகை: ராக்கெட் வீசும் தாக்குதல் விமானங்கள், டோர்பிடோ விமானங்கள், குண்டுவீச்சு விமானங்கள். ஒரு ஸ்குவாட்ரனில் உள்ள எல்லா விமானங்களும் ஒரே முறையில் தாக்காது. சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கும். தாக்கி முடித்த குழு தானாகவே கப்பலுக்குத் திரும்பும்.

விமானங்கள்தான் உங்கள் கைக்காசு

புதிதாக விளையாடுபவர்கள் பலர் செய்யும் தவறு இதுதான்: ஆட்டம் தொடங்கியதும் எதிரிக் கூட்டத்தின் நடுவே பாய்வது. நான்கு கப்பல்கள் சேர்ந்து சுட, மொத்த ஸ்குவாட்ரனும் காலி. அழிந்த விமானத்துக்குப் பதில் இன்னொன்று கப்பலில் தயாராகும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் செலவழித்தால், கடைசி ஐந்து நிமிடத்தில் கை வெறுங்கைதான்.

எதிரிக் கப்பல்களின் விமான எதிர்ப்பு இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, வானில் வெடிக்கும் கரும்புகைக் குண்டுகள். இவை உங்கள் விமானங்கள் போகும் திசையைக் கணித்து, அவற்றுக்கு முன்னால் வெடிக்கும். நேராகப் பறந்தால் அதற்குள்ளேயே போய் மாட்டுவீர்கள். திசையையும் வேகத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தப்பலாம்.

இன்னொன்று, அந்தக் கப்பலின் எல்லைக்குள் இருக்கும் வரை விடாமல் ஏற்படும் சேதம். இதிலிருந்து எந்த வித்தை காட்டியும் தப்ப முடியாது. கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவற்றின் சேதமும் ஒன்றாகக் கூடும். எனவே உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைப்பது மட்டுமே வழி.

இதை வைத்து மூன்று பழக்கங்களை வளர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று, தனியாக இருக்கும் கப்பலைத் தேடுங்கள். கூட்டத்தை விட்டு விலகி ஓரமாகப் போகும் ஒரு பேட்டல்ஷிப், நடுவில் பாதுகாப்பாக நிற்கும் மூன்று குரூசர்களைவிட நல்ல இலக்கு.

இரண்டு, ஒரு முறை தாக்கிய பிறகு நிலைமை சரியில்லை என்றால், மீதி விமானங்களைத் திரும்ப அழைத்துவிடுங்கள். கணினியில் அதற்கு 'எஃப்' விசை. "இன்னும் ஒரே ஒரு அடி" என்று ஆசைப்பட்டுத் திரும்பினால், மிச்சமிருக்கும் விமானங்களும் போயிடும்.

மூன்று, கடுமையான இலக்கை நோக்கிப் போவதற்கு முன், ஒரு குழுவின் குண்டுகளை உங்கள் கப்பலுக்கு அருகிலேயே கடலில் போட்டுவிடலாம். வீண் செலவு போலத் தோன்றும். ஆனால் அந்த விமானங்கள் பத்திரமாகக் கப்பலுக்குத் திரும்பும். எப்படியும் ஒரு முறைதான் தாக்க முடியும் என்றால், சுட்டு வீழ்த்தப்படுவதற்காக மற்ற விமானங்களையும் ஏன் கூட்டிப் போக வேண்டும்?

பொறுமைக்கும் பலன் உண்டு. கப்பல்கள் ஒன்றையொன்று சுடும்போது, வெடிகுண்டு விழும் இடத்தில் உள்ள விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் உடையும். தொடக்கத்தில் நெருங்க முடியாத ஒரு கப்பல், பத்து நிமிடம் அடிவாங்கிய பிறகு சுலபமான இலக்காகிவிடலாம். அந்த நேரத்தில் உங்களிடம் விமானம் இருக்க வேண்டும்.

யாரை முதலில் தாக்குவது?

பத்தாம் நிலையில் ஒரு பெரிய பேட்டல்ஷிப்பின் பலம் சுமார் 1 லட்சம் புள்ளிகள். டெஸ்ட்ராயருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். சேத எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேட்டல்ஷிப்பை அடிப்பதுதான் லாபம் போலத் தெரியும்.

ஆனால் வட்டங்களைக் கைப்பற்றுவது பெரும்பாலும் டெஸ்ட்ராயர்கள்தான். புகை போட்டு நண்பர்களை மறைப்பதும், மறைந்திருந்து டோர்பிடோ விடுவதும் அவைதான். ஒரு டெஸ்ட்ராயர் சீக்கிரம் போய்விட்டால், அந்தப் பக்கத்தில் உள்ள எதிரிகளுக்குக் கண் போன மாதிரி. அனுபவப் புள்ளிகளும் எத்தனை ஆயிரம் சேதம் என்பதைவிட, அந்தக் கப்பலின் பலத்தில் எத்தனை விழுக்காட்டைக் குறைத்தீர்கள் என்பதைப் பொறுத்தே கணக்கிடப்படுகின்றன.

டெஸ்ட்ராயரைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. விவரமான ஆட்டக்காரர் தன் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை அணைத்து வைத்திருப்பார். அப்போது மிக அருகில் பறந்தால்தான் கப்பல் தெரியும். கைப்பற்றும் வட்டங்களைச் சுற்றியும், தீவுகளுக்கு இடையே உள்ள வழிகளிலும் தேடுங்கள். கண்ணில் பட்டதும் நேராகப் பாய வேண்டாம். ராக்கெட் விசையை அழுத்துவதற்கும் ராக்கெட் போய்ச் சேர்வதற்கும் இடையே சிறிது நேரம் கடக்கும். கப்பல் இப்போது இருக்கும் இடத்தைக் குறிபார்க்காமல், அது திரும்பப்போகும் இடத்தைக் குறிபார்க்க வேண்டும்.

எந்த ஆயுதத்தை எப்போது?

டோர்பிடோ: இலக்கின் பக்கவாட்டிலிருந்து, சற்று முன்னால் வருமாறு விடுங்கள். தாக்குதலைத் தொடங்கிய பிறகு வளைந்து வளைந்து பறந்தால் குறி விரிந்துவிடும். நேராகப் பறந்தால் குறுகும். எனவே திரும்ப வேண்டியதை எல்லாம் தாக்குதலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மிக அருகில் போட்டால் டோர்பிடோ வெடிக்காது. அது செயல்படத் தொடங்க நீரில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும்.

குண்டு: தீ மூட்டும் வகைக் குண்டுகளை, பெரும்பாலும் கப்பலின் நீளவாக்கில் பறந்து போடுவது நல்லது. அப்போது அதிகக் குண்டுகள் கப்பலின்மேல் விழும். கவசத்தைத் துளைக்கும் வகை தீ மூட்டாது. ஆனால் சரியான கப்பலில் சரியான இடத்தில் விழுந்தால் பெரிய சேதம்.

இங்கேதான் ஒரு முக்கிய நுணுக்கம். ஒரு கப்பலில் தீப்பிடித்தாலோ தண்ணீர் புகுந்தாலோ, ஆட்டக்காரர் ஒரு விசையை அழுத்தி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். ஆனால் அதை மறுபடியும் பயன்படுத்த அவர் காத்திருக்க வேண்டும். அவர் தீயை அணைக்க அந்த விசையை அழுத்தும் வரை பொறுத்திருந்து, பிறகு டோர்பிடோவால் தாக்கினால், புகும் தண்ணீரை அவரால் உடனே நிறுத்த முடியாது. உங்கள் அணியின் குரூசர் ஒன்று தீ மூட்டிக்கொண்டிருக்கும் இலக்கைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான் புத்திசாலித்தனம்.

நண்பர்களை மறந்துவிடாதீர்கள்

உங்கள் ஸ்குவாட்ரன்கள் ஓரிடத்தில் காவல் விமானங்களை விட்டுச் செல்ல முடியும். அவை அங்கேயே வட்டமடித்து, உள்ளே நுழையும் எதிரி விமானங்களைத் துரத்தும். ஆனால் விட்ட உடனே தயாராகாது, சில விநாடிகள் ஆகும். எதிரி விமானம் தலைக்குமேல் வந்த பிறகு விட்டுப் பயனில்லை. அது எங்கே வரும் என்று கணித்து, முன்கூட்டியே விட வேண்டும்.

வான்காப்பு இல்லாத கப்பல்களுக்கு என்ன ஆகும் என்பதற்கான உண்மைச் சம்பவம் நம் கடலிலேயே நடந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் டிசம்பர் 10ஆம் தேதி குவாந்தான் கரைக்கு அப்பால் மூழ்கின. தாக்கியவை ஜப்பானிய விமானங்கள். அவற்றுடன் வந்திருக்க வேண்டிய 'இண்டோமிட்டபிள்' விமானந்தாங்கி, அதற்கு முந்திய மாதம் ஜமைக்கா அருகே தரைதட்டிப் பழுதுபார்ப்புக்குப் போயிருந்தது. செம்பவாங்கிலிருந்து கிளம்பிய போர் விமானங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு கப்பல்களும் மூழ்கிவிட்டன. 800க்கும் அதிகமானோர் மாண்டனர்.

ஆட்டத்தில் யாரும் சாவதில்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: காவல் விமானங்கள் நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டும். முன்னால் தனியாகப் போகும் உங்கள் டெஸ்ட்ராயருக்கு அந்தக் காவல் மிகவும் தேவைப்படும்.

சொந்தக் கப்பலும் முக்கியம்

விமானத்தை ஓட்டும் சுவாரசியத்தில் கப்பலை மறந்துவிடுவோர் பலர். 'எம்' விசையை அழுத்தி, வரைபடத்தில் கப்பல் போக வேண்டிய பாதையைக் குறித்து வையுங்கள். வரைபடத்தின் கடைசி மூலையில் ஒளிந்தால் பாதுகாப்புதான். ஆனால் ஒவ்வொரு முறையும் விமானம் போய்த் தாக்க அதிக நேரமாகும். ஒரு நல்ல தீவின் பின்னால், முன்னணிக் கப்பல்களுக்குக் கொஞ்சம் பின்தங்கி வருவதே சரி. ஒவ்வொரு ஸ்குவாட்ரனைக் கிளப்புவதற்கு முன்பும் வரைபடத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் உடைந்துகொண்டிருந்தால், கப்பலை இப்போதே நகர்த்துங்கள்.

எங்கே பழகலாம்?

விமானந்தாங்கிகள் 4, 6, 8, 10ஆம் நிலைகளில் வரிசையாகக் கிடைக்கும். அமெரிக்க வரிசை 'லாங்லி'யில் தொடங்கி 'மிட்வே'யில் முடியும். ஜப்பானிய வரிசை 'ஹோஷோ'விலிருந்து 'ஹக்குரியு' வரை. நான்காம் நிலையில் விமான எதிர்ப்பு பலவீனமாக இருப்பதால் எல்லாம் சுலபமாகத் தெரியும். அதை நம்பி அவசரமாக மேலே போக வேண்டாம்.

கணினி ஓட்டும் கப்பல்களுக்கு எதிரான 'கோ-ஆப்' முறையில் சில ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சேதம் எவ்வளவு என்று பார்க்காமல், ஆட்டம் முடியும்போது எத்தனை விமானங்கள் மிச்சம் என்று எண்ணுங்கள். அந்த எண் கூடக் கூட, மற்றதெல்லாம் தானாகக் கூடும்.