அஞ்சலும் அச்சமும்: குமுளி எல்லைப்புறத் தமிழரிடையே கடிதம் பெற்ற பொருள்

'அஞ்சல்' என்னும் சொல்வடிவம் தமிழில் மூன்று பொருள்களைத் தாங்கி நிற்கிறது. அஞ்சுதல் என்னும் தொழிற்பெயர்ப் பொருள் ஒன்று. 'அஞ்சாதே' என்னும் எதிர்மறை ஏவற்பொருள் பிறிதொன்று. கடிதப் போக்குவரத்து என்பது மூன்றாவது. மூன்றாவது சொல் கன்னட 'அஞ்செ', மலையாள 'அஞ்சல்' ஆகியவற்றோடு உறவுடையது; 'அஞ்சு' என்னும் வினையின் வேறானது என்றே கொள்ளத்தகும். எனினும் பிறப்பால் தொடர்பற்ற இச்சொற்கள் மக்கள் வாழ்வில் ஒன்றையொன்று தொட்டு நின்ற காலம் உண்டு. கடிதம் எந்நிலையில் அச்சப்பொருளாகிறது என்பதைக் குமுளி எல்லைப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓலை மரபு

கடிதத்தைக் கண்டு அஞ்சுதல் அஞ்சல் துறையோடு தோன்றியதன்று. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணம் ஓர் ஆளோலையால் தடைப்படுகிறது. முதிய அந்தணர் வடிவில் வந்த இறைவன் காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழிக்கிறார். மூல ஓலை வேறாக இருந்தமையால் வழக்கில் தோற்கிறார். ஓலையைக் கிழித்தாலும் அதன் ஆணை கிழிவதில்லை என்பது இதன்வழிப் பெறப்படும். இறப்பைக் குறிக்கும் 'எமன் ஓலை', வாழ்வோ வேலையோ முடிந்ததைக் குறிக்கும் 'சீட்டுக் கிழிந்தது' ஆகிய வழக்குகளிலும் கடிதம் மறுமொழி கூறவியலாத ஆணையாகவே அமைகிறது.

தோட்டமும் கடிதமும்

குமுளி பழைய திருவிதாங்கூர் எல்லைக்குட்பட்டது. அங்கு அரசின் 'அஞ்சல்' அமைப்பு இயங்கியது. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சற்காரருக்கு வழிவிடுதல் மக்களின் கடமையாக இருந்தது. 1951இல் இவ்வமைப்பு இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டது. பீருமேடு, வண்டிப்பெரியாறு, குமுளிப் பகுதிகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு மதுரை, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தமிழ்த் தொழிலாளர் வந்து குடியேறினர். லயங்களில் வாழ்ந்த இவர்களைச் சொந்த ஊரோடு பிணைத்தது கடிதமே. எழுத்தறியாதோர் பலராதலின் எழுதுவதற்கும் படிப்பதற்கும் பிறர் துணை வேண்டியிருந்தது.

1879இல் இந்தியாவில் கால் அணா விலைக்கு அஞ்சலட்டை அறிமுகமானபின் கடிதம் எளியோர்க்கும் எட்டியது. எழுத்தறியாதாரும் அறியத்தக்க குறிமுறை ஒன்றைத் தமிழர் வைத்திருந்தனர். மூலைகளில் மஞ்சள் தடவியது மங்கலச் செய்தி. கறுப்பு மை தீட்டியதோ கறுப்புக் கரையிட்டதோ இறப்புச் செய்தி. கருமாதிப் பத்திரிகையைப் படித்தவுடன் கிழித்துவிடுதலும் வீட்டினுள் வையாமையும் மரபு. ஐரோப்பியரிடத்தும் கறுப்புக் கரையிட்ட துக்க மடல்கள் வழங்கின. இம்மரபைப் பேதைமை எனத் தள்ளுதல் பொருந்தாது. பிறர் வாயால் துயரச் செய்தியைத் திடுமெனக் கேட்குமுன் மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள ஒரு நொடியேனும் அது அளித்தது.

தந்தி

1855இல் இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட தந்தி இக்குறிமுறையை நெருக்கி ஒற்றைக் குறியாக்கியது. தந்திக்குக் கட்டணம் சொற்கணக்கில் அமைந்தது. எனவே எளிய குடும்பத்தார் பெரும்பாலும் சாவு, கடும் நோய் ஆகியவற்றின்பொருட்டே அதனை நாடினர். பயன்பாடு குறுகவே பொருளும் குறுகியது. 'தந்தி வந்திருக்கிறது' என்னும் தொடரே சாவைச் சுட்டலாயிற்று. தாய் கவலைக்கிடம், உடனே புறப்படுக என்ற வாசகத்தைப் பெற்றவர் தாய் இறந்துவிட்டாள் என்றே உணர்ந்தனர். அனுப்புவோர் மங்கலமாக மறைத்ததைப் பெறுவோர் வழக்கறிவால் வெளிக்கொணர்ந்தனர் எனலாம். வாழ்த்துக்கெனத் தனித் தொடர்களும் வண்ணப் படிவங்களும் வழக்கிற்கு வந்தபின்னரும் சிற்றூர்களில் அவ்வச்சம் நீங்கவில்லை. இரு உலகப் போர்களின்போது படைவீரர் குடும்பங்கள் தந்திச் சேவகரைக் கண்டு நடுங்கியதும் இவ்வகையினதே. 2013 சூலை 15இல் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது.

படிக்கவியலாத மடல்

எல்லைப்புறத் தமிழர்க்கு மற்றோர் அச்சமும் உண்டு. 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறாமல் அவை கேரளத்தில் நின்றன. இதனால் வரி, நிலம், வழக்கு பற்றிய அரசு மடல் தமிழ் மட்டும் அறிந்தவர்க்குத் தாமே படிக்கவியலாத மொழியில் வரும் நிலை எழுந்தது. தந்தியின் அச்சம் பொருள் தெரிந்ததால் எழுந்தது. இவ்வச்சமோ பொருள் தெரியாமையால் எழுவது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சிறுபான்மையினரான தமிழரும் கன்னடரும் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடமளித்தது ஈண்டு கருதத்தக்கது. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழர்க்கு இது வெறும் மொழிச் சலுகையன்று. அச்சம் நீக்கும் ஏற்பாடுமாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் கடிதம் தன் உள்ளீட்டால் மட்டும் அச்சம் தருவதில்லை என்பது புலனாகும். பெறுபவர் தாமே படிக்கவும் மறுமொழி எழுதவும் இயலாத நிலையில் எம்மடலும் ஆணையோலையாகிறது. மஞ்சளும் கறுப்பும் அந்நிலைக்கு மக்கள் கண்ட மாற்று. அரசு மடலுக்கோ அத்தகைய மூலைக்குறி இல்லை. பெறுபவரின் மொழியில் அது எழுதப்படுதல் ஒன்றே வழி. அப்பொழுதே 'அஞ்சல்' என்பது அதன் பழைய ஏவற்பொருளில், அஞ்சாதே என்று, அவர்தம் வாயிலை வந்தடையும்.