விமானத்தின் உடைந்த பாகம் கிடைத்தால், அது எந்த விமானம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஸ்கூடாயிலிருந்து தென்மேற்கே, கெலாங் பாத்தாவைத் தாண்டிப் போனால் தஞ்சோங் குப்பாங் வரும். 1977 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்டு, நடுவானில் கடத்தப்பட்ட எம்எச்653 விமானம் அங்குதான் விழுந்தது. அதில் இருந்த 100 பேரும் உயிரிழந்தனர்.

விழுந்தது எந்த விமானம் என்பதில் அன்று யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் எல்லா விபத்தும் அப்படி இருப்பதில்லை. சில நேரம் பல ஆண்டுகள் கழித்து, கடற்கரையிலோ காட்டிலோ ஒரே ஒரு பாகம் மட்டும் கிடைக்கும். அதை வைத்து விமானத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாக எண் மட்டும் போதுமா?

போதாது. உங்க கைப்பேசியையே எடுத்துக்கங்க. மாடல் பெயர் லட்சக்கணக்கான கைப்பேசிகளுக்கு ஒன்றுதான். ஆனால் ஐஎம்இஐ எண் உங்களுடையதற்கு மட்டுமே உரியது.

விமானத்திலும் அப்படித்தான். பாக எண்ணைப் பார்த்தால் 'இது போயிங் 777 இறக்கையின் பாகம்' என்று சொல்லலாம். எந்த 777 என்று சொல்ல வேண்டுமானால், அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் தரப்பட்ட எண் வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் பழைய பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

எம்எச்370 விஷயத்தில் என்ன நடந்தது?

2014 மார்ச் 8ஆம் தேதி 239 பேருடன் காணாமல்போன விமானம் அது. 2015 ஜூலையில், இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் இறக்கையின் பின்விளிம்புப் பாகம் ஒன்று கரை ஒதுங்கியது. அடையாளத் தகடு காணோம். பிரெஞ்சு நிபுணர்கள் பாகத்தின் உட்புறத்தில் இருந்த எண்களைத் தேடி எடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஸ்பெயினில் இருந்த தயாரிப்பாளரின் பதிவோடு பொருந்தியது. செப்டம்பர் 3ஆம் தேதி, அது எம்எச்370தான் என்று உறுதியானது.

அடுத்த ஆண்டு தான்சானியாவின் பெம்பா தீவில் இன்னொரு பெரிய பாகம் கிடைத்தது. அதில் 2002 ஜனவரி 23 என்ற தேதி முத்திரை இருந்தது. காணாமல்போன விமானம் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது அதே ஆண்டு மே மாதம். இத்தாலியத் தயாரிப்பாளரின் பதிவேட்டைப் பார்த்தபோது, அந்தப் பாகம் போயிங்கின் 404ஆவது 777 விமானத்துக்குப் போனது தெரிந்தது. அந்த விமானம்தான் எம்எச்370.

எண்ணே இல்லைன்னா?

அப்போது சின்னச் சின்ன விவரங்கள் பேசும். மொசாம்பிக்கில் கிடைத்த ஒரு துண்டில் 'நோ ஸ்டெப்', அதாவது 'மிதிக்காதே' என்ற எழுத்து இருந்தது. அந்த எழுத்தின் வடிவம் போயிங் போட்டது இல்லை. மலேசிய ஏர்லைன்ஸ் பயன்படுத்திய அச்சோடுதான் ஒத்துப்போனது. அதில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு திருகாணியின் தலையில் இருந்த குறியும், அடுத்ததாகத் தயாரான 405ஆவது விமானத்தில் உள்ளவற்றோடு பொருந்தியது.

இருந்தாலும் அந்தத் துண்டைப் பற்றி விசாரணையாளர்கள் 'ஏறக்குறைய உறுதி' என்றுதான் சொன்னார்கள். காத்திருக்கும் குடும்பங்களுக்கு 'உறுதி', 'ஏறக்குறைய உறுதி' இரண்டும் ஒன்றல்ல. அதனால்தான் அந்த வார்த்தையில் அவ்வளவு கவனம்.

போர்க்கால விமானம் என்றால்?

1942 ஜனவரியில் ஜொகூரின் எண்டாவ் பகுதியில் நடந்த சண்டையில் மட்டும் பல பிரிட்டிஷ் விமானங்கள் விழுந்தன. இவ்வளவு பழைய சிதைவுகளில் உலோகமும் பூச்சும் உதவும். ஜப்பானிய விமானங்களின் உட்புறத்தில் நீலப்பச்சை நிறத்தில், கண்ணாடி போன்ற பூச்சு இருக்கும். அமெரிக்க அலுமினியத் தகடுகளில் 'அல்கிளாட்' என்ற முத்திரையைப் பார்க்கலாம். இவை எந்த நாடு என்று சொல்லும். எந்த விமானம் என்று சொல்ல, இயந்திர எண்ணும் விமானப்படைப் பதிவேடும் வேண்டும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 1945 ஆகஸ்டில் நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்த பிரிட்டிஷ் லிபரேட்டர் விமானத்தில் 8 பேர் இருந்தனர். 67 ஆண்டுகள் கழித்து, 2012இல், கோலாலம்பூர் செராஸ் சாலை கல்லறையில் ராணுவ மரியாதையோடு அவர்களை அடக்கம் செய்தார்கள்.

உங்களுக்கு ஒரு பாகம் கிடைச்சா?

• தொடாதீங்க, நகர்த்தாதீங்க. போர்க்காலச் சிதைவில் வெடிக்காத குண்டுகள் இருக்கலாம்.
• தள்ளி நின்று படம் எடுங்க. எண், முத்திரை, பூச்சு தெரியட்டும். கைப்பேசியில் இருப்பிடத்தையும் பதிவு செய்யுங்க.
• சுரண்டவோ கழுவவோ வேண்டாம். எண் அழிந்துவிடலாம். கடலில் மிதந்து வந்த பாகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பிகளும் ஆதாரம்தான்.
• போலீசுக்குச் சொல்லுங்க. பழைமையான பொருள் என்று தோன்றினால் மாவட்ட அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது.

பழைய இரும்புக் கடையில் அந்தத் தகட்டுக்குக் கிடைக்கப்போவது எடைக்கான காசு மட்டும்தான். ஆனால் அதை உருக்கிவிட்டால், அதில் இருந்த எண்ணைத் திரும்பப் படிக்க வழியே இல்லை.