இயக்கியும் இசக்கியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாக நெல்லை செல்லும் அன்பர்கள், ஆரல்வாய்மொழியைக் கடந்ததும் வண்டி சற்றே நிற்பதைக் கண்டிருப்பர். அவ்விடம் முப்பந்தல். ஓட்டுநர் இசக்கியம்மனை வணங்கிக் காணிக்கை செலுத்திய பின்னரே பயணம் தொடரும். என் அன்னையார் சாளரத்தின் வழியே காசு எறிவார். நான் கண்களை இறுக மூடிக்கொள்வேன். அச்சம்தான் காரணம். நடுகைக் குழந்தை ஒன்று இடுப்பில், மற்றொன்று வாயில் என்றிருக்கும் அவ்வுருவைக் கண்டு அஞ்சாத சிறுவர் நாஞ்சில் நாட்டில் அரியர்.

அச்சத்தையும் அருளையும் ஒருங்கே தரும் இப்பெண் தெய்வத்தின் வரலாறு மிக நீண்டது. யட்சி என்னும் வடசொல் தமிழில் இயக்கி ஆயிற்று. உயிர் ‘உசிர்’ ஆவதும், முயல் ‘முசல்’ ஆவதும் போல இயக்கி மக்கள் நாவில் இசக்கி ஆயினாள். சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரி இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் வழியில்தான் மாதரி, கவுந்தியடிகளைச் சந்திக்கிறாள்; கண்ணகி அடைக்கலமாவது அதன் பின்னரே. மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள சிதறால் மலை, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் சமணர் உறைவிடமாக விளங்கியது. அங்குள்ள தேவிக்குக் குரத்தி ஒருவர், அதாவது சமணப் பெண்துறவி, பொன்னணி அளித்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது. பின்னர் அவ்விடம் பகவதி கோயிலாயிற்று. சமயம் மாறியது, பெண் தெய்வ வழிபாடு நிற்கவில்லை.

ஆனால் இசக்கி வெறும் சமண இயக்கி அல்லள். வில்லுப்பாட்டில் அவள் கொலையுண்ட பெண். தாசி குலத்தில் பிறந்தவள் ஒருத்தி, பொருளிழந்து வெளியேற்றப்பட்ட காதலனைத் தேடிப் பின்செல்கிறாள். அவனோ, தன் மடியில் துயிலும் அவள் தலையை மெல்ல இறக்கி வைத்து, கல்லால் கொன்று நகைகளைக் கவர்கிறான். காட்டில் சாட்சி கூற யாருமில்லை. கள்ளிச்செடி மட்டுமே நின்றது. மறுபிறப்பில் அவள் நீலி, அவன் வணிகன். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திவந்து, இவனே என் கணவன் என்று ஊரவையில் முறையிடுகிறாள். குழந்தையும் அவனை அப்பா என்றழைக்கிறது. எழுபது வேளாளர் அவனுக்குப் பிணை நின்று அவளோடு தங்கச் செய்கின்றனர். விடியும்போது அவன் உயிருடன் இல்லை. வாக்குத் தவறாத எழுபதின்மரும் தீயில் இறங்குகின்றனர். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் கதையும் இதுவே. நீலகேசி என்னும் சமண நூலின் தலைவியும் அப்பெயரினளே. நாஞ்சில் நாட்டார் இக்கதையைக் கள்ளியங்காட்டில் நிகழ்ந்ததாகவே பாடுவர். இழைத்த தீமைக்கு ஊரார் நீதி செய்யவில்லை. அஞ்சிக் கோயில் கட்டினர் என்பது என் எண்ணம்.

மலையாள மரபில் இக்கதை வேறு உருக்கொண்டது. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிஹ்யமாலையில், பத்மநாபபுரம் செல்லும் வழியை மறித்த யட்சியைக் கடமற்றத்துக் கத்தனார் ஆணி அறைந்து அடக்குகிறார். அவள் பின்னர் பருமலைப் பனையன்னார்காவில் அமர்கிறாள். அவளைக் கள்ளியங்காட்டு நீலி என்றே பலரும் கொண்டனர். நம் நகரத்துப் பத்மநாபசுவாமி கோயிலின் ‘பி’ நிலவறையில் காஞ்ஞிரோட்டு யட்சி உறைவதாக இன்றும் நம்புவோர் உளர். 2011இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி பிற நிலவறைகளைத் திறந்தபோது அது திறக்கப்படவில்லை.

மேல்நாட்டிலும் இத்தகைய தேடல் உண்டு. ‘விக்கா’ என்னும் சூனியக்காரியர் சமயத்தைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் (1884–1964) இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலும் பணியாற்றியவர். பின்னர் அங்கே சுங்க அதிகாரி. நம்மவர் வியர்வை சிந்திய அதே தோட்டங்கள்! அவர்கள் அங்கே மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பிக்கொண்டிருந்தனர். இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின், 1954இல் கார்ட்னர் நூல் வெளியிட்டு, பழஞ்சமயம் ஒன்று மறைவாகத் தொடர்ந்து வந்துள்ளது என்றார். அக்கருத்தை 1921லேயே விதைத்தவர் மார்கரெட் முர்ரே. அவ்வம்மையார் பிறந்தது கல்கத்தாவில். இன்று விக்கா அன்பர்கள் வட்டமாக நின்று நிலவுத் தேவியையும் கொம்புடைய தேவனையும் வணங்கி, ஆண்டுக்கு எட்டு விழா எடுக்கின்றனர். ஆயினும் அறுபடாத தொடர்ச்சிக்குச் சான்றில்லை என்றும், அது பெரிதும் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கமே என்றும் ரொனால்டு ஹட்டன் 1999இல் விரிவாக எழுதினார். அதனால் அவர்தம் வழிபாடு பொய்யாகிவிடாது. தொன்மையை நாடி அவர்கள் ஏங்கினர். நமக்கோ அது வழியோரத்தில் நிற்கிறது, நாம்தான் கண்களை மூடிக்கொள்கிறோம்.

2025இல் ‘லோகா’ என்னும் மலையாளத் திரைப்படம் நீலியை நாயகியாக்கியது. பார்த்துத் திரும்பிய என் மகள், “அப்பா, இது நம்ம ஆச்சி கும்பிடும் இசக்கியா?” என்று கேட்டாள். இங்கேயே பிறந்து மலையாளத்தில் படிப்பவள். ஆம் என்றேன். அவ்வாண்டு விடுமுறையில் முப்பந்தலில் இறங்கினோம். பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய சிறு தொட்டில்களையும், நேர்ச்சையாக வைத்த மண்ணுருவங்களையும் நெடுநேரம் பார்த்துநின்றாள். காசு எறிய விடவில்லை. உண்டியலில் தானே போட்டாள்.