ஓ.சி. என்பது யாருடைய சாதி?

பொறியியல் கவுன்சலிங் மாசம் வந்தா எங்க காலனியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "ஓ.சி.க்கு எவ்வளவு கட்-ஆஃப், நமக்கு எவ்வளவு?" கேட்கிறவர்கள் ஓ.சி. என்பதை ஒரு சாதிப் பெயராகவே சொல்கிறார்கள். அய்யர், அய்யங்கார் வகையறா. அதில் நமக்கு என்ன வேலை? பத்திரிகைகளில் வரும் கட்-ஆஃப் பட்டியலும் அப்படித்தான் கட்டம் போடுகிறது: ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. பார்க்கிற எவனுக்கும் ஆளுக்கொரு கட்டம் என்றுதான் தோணும்.

ஒரு காலத்தில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. 1927 வகுப்புவாரி அரசாணை 12 வேலைகளைப் பங்கு போட்டது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. 1947ல் அது 14 ஆனது. பிராமணரல்லாதாருக்கு 6, பிற்பட்டோருக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, மற்ற இரண்டு பிரிவுக்கும் ஒவ்வொன்று. கல்லூரி இடங்களும் இப்படித்தான் பங்கு போடப்பட்டன. பொது என்று ஒரு இடம்கூடக் கிடையாது. நம் பையன் மாகாணத்திலேயே முதல் மார்க் வாங்கினாலும் அந்த இரண்டுக்குள்ளேதான் உட்காரணும்.

இதை எதிர்த்து 1950ல் இரண்டு பிராமணர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். மருத்துவக் கல்லூரிக்காகச் செண்பகம் துரைராசன், பொறியியலுக்காக சி.ஆர். சீனிவாசன். அந்த அம்மாள் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அன்றைக்கு சென்னை மாகாணத்தில் அரசுப் பொறியியல் கல்லூரிகள் 4, மொத்த இடம் 395. ஆந்திரமும் மலபாரும் சேர்ந்த ஒரு மாகாணத்துக்கே அவ்வளவுதான். 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. பெரியார் போராடினார், சூன் மாதம் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது.

இந்தத் தீர்ப்பை மேல்சாதிக்காரர் வெற்றி என்று மட்டும் படிப்பது நம் வழக்கம். அதோடு நிறுத்திவிட்டால் இன்னொன்று கண்ணில் படாது. பிராமணருக்கென்று இருந்த இரண்டு இடமும் அதிலேதான் போச்சு! அதற்குப் பிறகு வந்த சுழற்சிமுறையில் 20 இடத்துக்கு 5 பிற்பட்டோருக்கு, 3 நமக்கு, 12 பொது. அந்தப் 12 எந்தச் சாதிக்கும் எழுதிக் கொடுத்ததல்ல. சேரிப் பிள்ளையும் மார்க் இருந்தால் உட்காரலாம். ஆனால் பழைய கட்டம் சட்டத்திலிருந்து போச்சே தவிர, வாயிலிருந்து போகலை.

1971ல் நம் பங்கு 18 ஆச்சு. 1990ல் பழங்குடிக்குத் தனியாக 1 வந்து மொத்தம் 69 ஆனது. மீதி 31 பொதுப்போட்டி. இதற்கு நடுவில் 1984ல் நுழைவுத்தேர்வு வந்தது. அதே காலத்தில்தான் சுயநிதிக் கல்லூரிகளும் வந்தன. பிளஸ் டூ மார்க்கில் கணக்குக்கு 100, இயற்பியல் வேதியியலுக்கு 100, அதோடு நுழைவுத்தேர்வுக்கு 100 என்று 300க்கு ரேங்க் போட்டார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் டவுனில் ரூம் எடுத்து கோச்சிங் போனவனுக்கும், ஆதிதிராவிடர் விடுதியைப் பூட்டியதும் ஊருக்குத் திரும்பி களையெடுக்கப் போனவளுக்கும் ஒரே கேள்வித்தாள். அதற்குப் பெயர் தகுதி.

இந்தத் தகுதியைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். ஒரே மொத்த மார்க்கில் பல பேர் நிற்பார்கள். முதலில் கணக்கு மார்க், பிறகு இயற்பியல், அப்படியே இறங்கி வந்து கடைசியில் யார் முன்னால் பிறந்தவர் என்று பார்ப்பார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் போட்ட குலுக்கல் எண். திறமை திறமை என்று கத்துகிறவர்கள் யாரும் இந்தக் குலுக்கலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

1997ல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு தொடங்கிய பிறகு எங்க தாலுக்காப் பிள்ளைகளோடு நான் பலமுறை சென்னைக்குப் போயிருக்கிறேன். ராத்திரி பஸ், கையில் டி.டி., சாதிச் சான்றிதழ். ரேங்க் சீட்டில் இரண்டு எண் இருக்கும்: பொது ரேங்க், வகுப்பு ரேங்க். கூப்பிடுவது பொது ரேங்க் வரிசையில்தான். உள்ளே போகிற நம் பெண் கேட்கும் பாடப்பிரிவில் பொது இடம் மிச்சமிருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். அது தீர்ந்திருந்தால் எஸ்.சி. இடம். ஒரு வருஷம் நல்ல ரேங்க் வாங்கிய பெண்ணிடம் ஒரு கோச்சிங் சென்டர்காரர், "அந்த லிஸ்ட்டைப் பாக்காதம்மா, அது உன் லிஸ்ட் இல்ல" என்று அக்கறையாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பெண்ணின் அப்பாவும் தலையாட்டினார். பஸ்ஸில் வழி நெடுக அவருக்குக் கணக்கு சொல்லிக்கொண்டு வந்தேன். "அண்ணே, 100 இடம்னு வைங்க. 31 பொது, 18 நமக்கு. நம்ம பிள்ளைங்க மூணு பேர் அந்த 31ல உட்கார்ந்தா உள்ள நாம 21 பேர். அந்த மூணு பேரையும் 18லயே எழுதிட்டா, பின்னால நிக்கிற நம்ம பிள்ளைங்க மூணு பேருக்குக் கதவு சாத்தியாச்சு." அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "அப்ப இத்தனை வருசமா எத்தனை பேரு வெளிய நின்னிருப்பான்?"

இந்தக் கணக்கு நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 1996ல் மகாராஷ்டிர மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கு ஒன்றில், பொது இடத்துக்கான மார்க் உள்ள மாணவர் தனக்குப் பிடித்த கல்லூரிக்காக ஒதுக்கீட்டு இடத்தை எடுத்தாலும், அவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது.

எம். ஆனந்தகிருஷ்ணன் குழு 2006ல் பரிந்துரைத்து, 2007ல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. ரேங்க் 200க்கு ஆனது. நல்லதுதான். ஆனால் மார்க் உற்பத்தி நாமக்கல் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது, அங்கே கட்ட நம்மிடம் பணம் ஏது? 2021ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் கொடுத்தபோதுதான் அரசு இதை ஒப்புக்கொண்டது. 2009ல் 18க்குள் அருந்ததியருக்கு 3 தனியாக வந்தது. மலம் அள்ளவைக்கப்பட்ட தெருவிலிருந்து வருகிற பிள்ளை வகுப்பு ரேங்க்கிலும் ஏன் பின்னால் நிற்கிறது என்று நாமே நம்மைக் கேட்க அதுவரை ஆனது.

2018லிருந்து கலந்தாய்வு ஆன்லைனில். ராத்திரி பஸ் இல்லை, பிரௌசிங் சென்டர்தான். போன வாரம் ஒரு பையன் விருப்பப் பட்டியலை நிரப்பிக்கொண்டு வந்து காட்டினான். எஸ்.சி. கட்-ஆஃப்பை மட்டும் பார்த்து, தன் மார்க்குக்குக் கீழே இருந்த கல்லூரிகளாக எழுதியிருந்தான். கிண்டி இல்லை, எம்.ஐ.டி. இல்லை. இரண்டையும் முதல் வரியில் போடச் சொன்னேன். "கிடைக்கலன்னா?" என்றான். கிடைக்கலைன்னா கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குப் போகும், அதுக்குக் காசு ஒண்ணும் கேட்காது என்றேன். உட்கார்ந்து திருப்பி எழுதினான்.